லக்சம்பர்க்கில் இருப்பதா, போர்ச்சுகல் திரும்புவதா?

லக்சம்பர்க்கில் குடியேறிய போர்த்துகீசியர் பலரைத் துரத்தும் கேள்வி இது.

சம்பளம்
இருந்தால்: குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2025-இல் 2,600 யூரோவுக்கு மேல்.
திரும்பினால்: 2025-இல் குறைந்தபட்சம் 870 யூரோ. ஆண்டுக்கு 14 தவணை என்பது சிறிய ஆறுதல்.

வரி
திரும்பினால்: நாடு திரும்புவோருக்கான போர்ச்சுகல் அரசின் 'ரெக்ரெசார்' திட்டத்தின்கீழ், தகுதியுள்ளோரின் சம்பளத்தில் பாதிக்கு 5 ஆண்டுகள் வரிவிலக்கு. சம்பளமே சொற்பம் என்றால் இந்தச் சலுகையால் பெரிய லாபமில்லை.

வீடு
இருந்தால்: வாடகை சம்பளத்தை விழுங்கும்.
திரும்பினால்: வட போர்ச்சுகலின் மின்யோ, திராஸ்-உஷ்-மோந்திஷ் பகுதிக் கிராமங்களில் கட்டிவைத்த பெரிய வீடுகள் பல, விடுமுறைக்கு ஊர் வரும் ஆகஸ்டில் மட்டும் திறக்கின்றன. ஆனால் வேலைகள் குவிந்திருப்பது லிஸ்பனிலும் போர்ட்டோவிலும். அங்கும் வாடகை கடுமை.

குடும்பம்
இதுதான் உண்மையான முடிச்சு. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் போர்ச்சுகல் என்பது கோடை விடுமுறை. பேரக்குழந்தைகள் பிறந்துவிட்டால் தாத்தா பாட்டியின் பயணத் திட்டமும் தள்ளிப்போகும். ஊரிலோ வயதான பெற்றோர்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் இருப்பதே மேல். ஓய்வுபெற்றவர்கள் தாராளமாகத் திரும்பலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி லக்சம்பர்க் ஓய்வூதியம் போர்ச்சுகலிலும் கிடைக்கும். கைத்தொழில் தெரிந்த, பொறுப்புகள் குறைந்த இளைஞர்கள் வரிவிலக்குக் காலத்தில் ஊரில் முயன்று பார்க்கலாம்.