டிரெய்னிங் ஆப் - இரண்டு வருஷத்துக்குப் பிறகு: ஒன்பதாவது நிமிஷத்துக்குப் போக விடமாட்டேன் என்கிறது

ஓசூரில் சின்னதாக பிரஸ் ஷாப் (தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் பட்டறை) நடத்தும் நண்பர் கேட்டார்: "நீங்க ஷாப்ல போட்டிருக்கீங்களே அந்த டிரெய்னிங் ஆப், இப்ப விலையக் குறைச்சிருக்காங்களாம். வாங்கலாமா?" போனில் நான் சொன்ன பதில் கொஞ்சம் சூடாகப் போய்விட்டது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். வசதிகள் என்னென்ன என்பது விற்க வருகிறவரே மூச்சு விடாமல் சொல்வார், அதையும் விட்டுவிடுகிறேன்.

எங்களுடையது கோவை குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு சிஎன்சி டர்னிங் ஷாப், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் லேத் ஓடும் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், வால்வு பாகங்கள்தான் பெரும்பாலும். ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட் முடித்த பசங்கள் அப்ரண்டிஸாக வருவார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழி வேண்டும். மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் பழைய செட்டர்கள் ரிட்டயர் ஆகும்போது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூடவே போய்விடாமல் இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

முதல் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதில்தான் என் பொறுமை போகிறது.

வீடியோவை ஓட்டித் தள்ள முடியாது. இதுதான் என் முழுப் புகாரும். முதல் தடவை பார்க்கும்போது முழுசாகப் பார்த்தே ஆகவேண்டும், சரி, பசங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், நியாயம்தான். ஆனால் நைட் ஷிஃப்ட்டில் டரட் (கட்டிங் டூல்களைத் தாங்கிச் சுற்றும் தலை) பாதி சுற்றி நின்றுவிட்டது என்று வையுங்கள். கிளாம்ப் ஆகாமல் அலாரம் காட்டுகிறது. அதைச் சரிசெய்யும் முறையை எங்கள் மெயின்டனன்ஸ் ஆளே பேசி எடுத்த வீடியோ ஆப்பில் இருக்கிறது. அந்த இடம் ஒன்பதாவது நிமிஷத்தில் வருகிறது, நாற்பது செகண்டுக்குள் முடிந்துவிடும். ஆபரேட்டர் அந்த வீடியோவை இதற்குமுன் பார்த்ததில்லை என்றால், மெஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு "வணக்கம், இந்தப் பாடத்தில் நாம்" என்பதிலிருந்து கேட்கவேண்டும். ஏற்கெனவே பார்த்தவருக்கும் நிம்மதி இல்லை. வீடியோவின் முகப்புப் படத்தை மாற்றினால்கூட ஆப் அதைப் புதுப் பதிப்பு என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் மறுபடி பூட்டுப் போட்டுவிடும்.

சப்போர்ட்டில் கேட்டால், "சார், அது ஃபீச்சர்" என்கிறார்கள்.

ஃபீச்சர்தான், மறுக்கவில்லை. தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 ஆடிட் வந்தால் தெரியும். யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், ஆதாரம் எங்கே என்று 7.2 பிரிவில் கேட்பார்கள். முன்பெல்லாம் ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க ஆள் ஆளாகத் தேடுவோம். இப்போது ஒரு ரிப்போர்ட் எடுத்து நீட்டினால் ஆடிட்டர் தலையாட்டிவிடுகிறார். ஆனால் அதே ஸ்டாண்டர்டின் 2015 பதிப்பில் 7.1.6 என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். வேலை நடக்கத் தேவையான அறிவு என்ன என்று கம்பெனி தெரிந்துவைத்து, அதைக் காப்பாற்றி, வேண்டிய அளவுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. 7.2-க்காகச் செய்த ஆப்பை 7.1.6-க்கும் சேர்த்து விற்கிறார்கள். கற்பது ஒருமுறை உட்கார்ந்து செய்கிற வேலை. தேடுவது நின்றுகொண்டு, கையில் ஆயிலோடு செய்கிற வேலை. இரண்டுக்கும் ஒரே திரை எப்படிச் சரிவரும்?

எதிர்பார்க்காத நல்லது ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே கேள்வி கேட்க ஓர் இடம், அதில் குரல் பதிவும் போடலாம். வாங்கும்போது இதை யாரும் கவனிக்கவே இல்லை. சாஃப்ட் ஜா போரிங், அதாவது பீஸைப் பிடிக்கும் சக்கின் தாடைகளை பீஸின் அளவுக்குக் குடைந்தெடுக்கிற பாடத்தின் கீழ் ஒரு அப்ரண்டிஸ் கேட்டிருந்தான்: போர் அடிக்கும்போது ஜாவுக்கு நடுவில் எதற்கு ஒரு ரிங்கைப் பிடித்து வைக்கிறோம்? வீடியோவில் ரிங் வைப்பதைக் காட்டியிருந்தோம், காரணம் சொல்லவில்லை. எங்கள் மூத்த செட்டர், எழுதச் சொன்னால் ஓடிவிடுகிறவர், கூலன்ட் பம்ப் சத்தத்துக்கு நடுவே பேசிப் போட்டிருந்தார்.

"தம்பி, சக்குக்கு லோடு குடுக்காம போர் அடிச்சீன்னா ஜா ஒரு இடத்துல நிக்கும், பீஸப் புடிச்சதும் வேற இடத்துக்குப் போகும். அப்புறம் டயல் வச்சுப் பார்த்தா ரன்அவுட் அடிக்கும், பீஸு ஆடி ஆடிச் சுத்தும். வேலைக்கு என்ன பிரஷர் வைப்பியோ அதே பிரஷர்ல ரிங்கப் புடிச்சுட்டு அடி. பீஸு மெலிசா இருந்தா பிரஷரக் கொறச்சுக்க, இல்லன்னா சக்குல உருண்டையா இருக்கும், கழட்டினா முக்கோணமா நிக்கும்."

இதை எந்தப் பாடத்திட்டம் போட்டும் என்னால் அவரிடமிருந்து வாங்கியிருக்க முடியாது. ஒரு பையன் கேட்டான், அவர் சொன்னார். அதற்குப் பிறகு மற்ற செட்டர்களும் போட்டிபோட்டுப் பேச ஆரம்பித்தார்கள். காலையில் மெஷின் சூடேறும்முன் முதல் பீஸின் சைஸை நம்பாதே என்பதிலிருந்து எந்த இன்சர்ட்டுக்கு, அதாவது டூலின் வெட்டும் முனைக்கு, எந்த சத்தம் வந்தால் மாற்றவேண்டும் என்பதுவரை அங்கேதான் கிடக்கிறது. மெஷின் கதவில் க்யூஆர் ஒட்டி, நேராக அந்தக் கேள்வி-பதில் இடத்துக்கே போகிற மாதிரி வைத்தோம். பசங்கள் பாடத்தைவிட அதைத்தான் அதிகம் திறக்கிறார்கள்.

1990களில் ஜெராக்ஸ் கம்பெனி இதையேதான் யுரேகா என்ற பெயரில் செய்தது. காப்பியர் ரிப்பேர் செய்கிற டெக்னீஷியன்கள் தாங்கள் கண்ட வழியை எழுதிப் போடுவார்கள், சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயர் அந்தக் குறிப்போடு நிற்கும். பெயர் நிற்கிறது என்பதுதான் விஷயமே. எங்கள் ஆப்பில் ஆள் கணக்குக்குக் காசு. மூத்த செட்டர் ரிட்டயர் ஆனதும் அவர் கணக்கை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தோம். இப்போது அவர் குரல் ஓடுகிறது, மேலே "பயனர் இல்லை" என்று இருக்கிறது. முப்பது வருஷம் சக்கோடு மல்லுக்கட்டியவருக்கு இந்த மரியாதை.

ஆப்போடு சேர்த்துத் தருகிற ரெடிமேட் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐடிஐ பசங்களுக்கு அதைவிட, அரசாங்கம் 2019இல் தொடங்கிய பாரத் ஸ்கில்ஸ் தளம் போதும். பாடத்திட்டம், வீடியோ, கேள்வித் தொகுப்பு எல்லாம் இலவசம். சென்னை கிண்டியில் இருக்கும் நிமி என்ற மத்திய அரசு நிறுவனம் போடும் ஐடிஐ டிரேடு புத்தகங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. தேர்வும் கம்ப்யூட்டரில்தான் என்பதால் நிமியின் மாதிரித் தேர்வு ஆப்பைப் பசங்கள் நாங்கள் சொல்லாமலே போட்டுப் பார்க்கிறார்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பதினைந்து பேர் இருக்கிற ஷாப்புக்கு ஒரு போன், ஒரு டிரைவ் ஃபோல்டர், மெஷினுக்கு ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் போதும். விலை குறைந்தது ஒரு காரணமே இல்லை. பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

நாங்களா? அடுத்த வருஷத்துக்கும் புதுப்பித்தாகிவிட்டது, பரிந்துரை எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஆடிட் நெருங்குகிறது. டரட் வீடியோவில் அந்த நாற்பது செகண்டை மட்டும் வெட்டி நைட் ஷிஃப்ட் வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறேன்.