அப்வோட் டவுன்வோட்டா, லைக் மட்டுமா? எங்க பெங்களூர் தமிழ் குழு எடுத்த முடிவு

வாட்ஸாப்புல எங்க குழு அடங்காம போனதும் ரெண்டு வழி பார்த்தோம். ஒண்ணு ரெடிட்ங்கற விவாதத் தளம், ஏத்தியும் (அப்வோட்) இறக்கியும் (டவுன்வோட்) ஓட்டு போடலாம், ஓட்டு வாங்கின பதில் மேல நிக்கும். இன்னொண்ணு டிஸ்கோர்ஸ்ங்கற ஃபோரம் சாஃப்ட்வேர், சாதாரணமா லைக் மட்டும்தான், பதில் வந்த வரிசையிலயே இருக்கும். நாங்க டிஸ்கோர்ஸுக்குப் போனோம், அதுதான் சரின்னு உறுதியா சொல்லுவேன்.

ரெடிட்டுக்கு காசு வேணாம், டிஸ்கோர்ஸ நாமளே நடத்தணும்னா சர்வர் வாடகை உண்டு, தமிழ் டைப்பிங் ரெண்டுலயும் ஓகே. இதெல்லாம் சமாளிச்சுக்கலாம். முக்கியமா பார்க்க வேண்டியது முதல்ல விழுற ஓட்டு.

2013ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு செய்தித் தளத்துல புதுசா வந்த கமெண்ட்ல சிலதுக்கு ஆய்வாளர்களே குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து ஒரு அப்வோட் போட்டு விட்டாங்க, அந்த ஒரே ஓட்டால கடைசி ஸ்கோர் சராசரியா 25 சதவீதம் ஏறிடுச்சு. அதே மாதிரி போட்ட டவுன்வோட்ட மட்டும் மத்தவங்க சரிக்கட்டிட்டாங்க. ரெடிட்டோட பழைய ஓபன் சோர்ஸ் கோட்லயும் போஸ்ட்டோட ஹாட் வரிசைக்கு (எந்த போஸ்ட் மேல நிக்கணும்னு ஓட்டையும் நேரத்தையும் வச்சு போடற வரிசை) முதல் 10 ஓட்டுக்கு என்ன எடையோ அதேதான் அடுத்த 90 ஓட்டுக்கும் சேர்த்து.

இங்க இது எப்படி அடிக்கும்னா, வீடு காலி பண்றப்ப பெயிண்டிங்னு சொல்லி அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகைய ஓனர் பிடிக்கறாருன்னு ஒருத்தர் கேக்கறாருன்னு வைங்க. "ஓனருங்கன்னாலே இப்படித்தான்"னு உடனே ஒரு கோவமான பதில் வரும், ஓட்டு குவியும். நைட் ஷிப்ட் முடிச்சு அல்சூர்ல இருந்து ஒரு அக்கா காலையில வந்து, அக்ரிமெண்ட்ல பெயிண்டிங் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, சாவி குடுக்கறதுக்கு முன்னாடி சுவரை போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில்ல அனுப்பிடுங்கன்னு எழுதுவாங்க. உருப்படியான பதில் அதுதான், ஆனா ஓட்டு வரிசையில அடியில கிடக்கும். டிஸ்கோர்ஸ்ல புது பதில் வந்தா அந்த டாபிக்கே மேல வருது, நாம விட்ட இடத்துல இருந்து திறக்குது, அந்த அக்கா எழுதினது கண்ணுல படாம போகாது.

டவுன்வோட் இல்லாததும் நல்லதுதான். காவிரி பேச்சு வந்தா ரெண்டு பக்கமும் சூடாகும், அங்க டவுன்வோட் இருந்தா கம்மி ஆளுங்க சொல்ற கருத்து அப்படியே அமுங்கிடும், டவுன்வோட்டே இல்லன்னா பிடிக்கலைங்கறவங்க ஏன்னு எழுதித்தான் ஆகணும். திட்டினா மாடரேட்டருக்குப் புகார் சொல்ற ஃப்ளாக் பட்டன் இருக்கு.

ஆனா ஒரே சரியான பதில் இருக்கற கேள்விக்கு ஓட்டுதான் வேகம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கற புரோகிராமிங் கேள்வி-பதில் தளத்துல பதிலுக்கு டவுன்வோட் போட்டா போட்டவங்களுக்கே 1 பாயிண்ட் குறையும், அது நல்ல கட்டுப்பாடு. எங்களோடது சின்ன குழுங்கறதையும் மனசுல வைங்க, ஆயிரக்கணக்குல பதில் வந்தா வந்த வரிசையில படிக்கறது கஷ்டமாத்தான் இருக்கும்.

ரெடிட்தான் வேணும்னா கமெண்ட் ஸ்கோரை கொஞ்ச நேரம் மறைக்கற செட்டிங் மாடரேட்டர்கிட்ட இருக்கு, அதை மொதல்ல ஆன் பண்ணிடுங்க. வரிசை மாறாது, ஆனா நம்பரைப் பார்த்து கூடவே ஓட்டு போடறது குறையும்.