வேவு பாக்காத டிவி, லாகின் கேக்காத பாட்டு: மூணு வருஷ அனுபவம்

2022 தீபாவளி. மாமனார், மாமியார், மச்சினன் குடும்பம்னு எல்லாரும் திண்டுக்கல் வந்திருந்தாங்க, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு ஹால்ல பாய் விரிச்சு உக்காந்தாச்சு, மச்சினன் பையன் ரிமோட்டை எடுத்து யூடியூபைத் திறந்தான். முதல் வரிசையிலயே ராஜினாமா கடிதம் எழுதுறது எப்படின்னு ஒரு வீடியோ, அதுக்குப் பக்கத்துல நாப்பது வயசுல வேலையை விடலாமான்னு ஒண்ணு, அடுத்தது பிஎஃப் பணத்தை மொத்தமா எடுக்குறது எப்படி. எல்லாம் நான் ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடில தனியா உக்காந்து ஃபோன்ல பாத்தது. டிவிலயும் என் அக்கவுண்ட்தான் போட்டிருந்தேன், அதனால நேரா ஹாலுக்கே வந்து நிக்குது. மாமா கண்ணாடியை ஏத்திவிட்டு நிதானமா படிச்சுட்டு "என்ன மாப்ள, வேலையை விடப்போறீங்களா?"ன்னு கேட்டாரு. வீட்டுக்காரிக்கே நான் அதுவரைக்கும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி நடந்ததை இங்க எழுத வேண்டாம்.

வேலையை விடல, அது வேற கதை. ஆனா அன்னில இருந்து ஒரு வெறி புடிச்சுச்சு. நான் எதைப் பாக்குறேன், எதைக் கேக்குறேன்னு எவனும் கணக்கு வைக்கக் கூடாது, அதே நேரம் வீட்ல பொழுதுபோக்கும் கெடக் கூடாது. மூணு வருஷத்துல எது நின்னுச்சு, எது புட்டுக்கிச்சுன்னு சொல்றேன். நான் ஐடி ஆளு இல்ல, அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல இருக்கேன், அதனால இதுல பெரிய வித்தை எதுவும் இருக்காது.

முதல்ல டிவில இருந்து அக்கவுண்ட்டைக் கழட்டினேன். அப்புறம் கூகுள்ல மை ஆக்டிவிட்டி பக்கம் போயி யூடியூப் ஹிஸ்டரியை நிறுத்திட்டு பழசையெல்லாம் அழிச்சேன். ஆரம்பத்துல பெருசா வித்தியாசம் தெரியல, 2023 ஆகஸ்ட்ல இருந்துதான் ஹிஸ்டரி ஆஃப்ல இருக்கிறவங்களுக்கு ஹோம் பக்கமே காலியா வர ஆரம்பிச்சுச்சு. திறந்தா வெறும் தேடுற கட்டம் மட்டும், கீழ வெள்ளையா ஒண்ணுமில்ல. மொத நாள் எனக்கு என்னமோ கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துக்குள்ள தப்பா நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒரு பத்து நாள் கஷ்டம், அப்புறம் என்ன பாக்கணும்னு நெனச்சுட்டு திறக்குற பழக்கம் வந்துருச்சு, அதைப் பாத்துட்டு மூடிட்டு தூங்கப் போயிடுறேன். ப்ரைவசிக்காகப் பண்ணது, தூக்கத்துக்கு உதவுச்சு.

டிவி பத்தி தோண்டினப்பதான் வயித்தைக் கலக்குச்சு. ஸ்மார்ட் டிவில ஏசிஆர்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, திரையில ஓடுற படத்தோட துணுக்குகளை எடுத்து அது என்ன நிகழ்ச்சின்னு கண்டுபிடிச்சு கம்பெனிக்கு அனுப்பும். அமெரிக்காவுல விசியோங்கிற டிவி கம்பெனி 1.1 கோடி டிவில இதை ஆளுங்க கிட்ட கேக்காமயே பண்ணுச்சுன்னு அந்த ஊரு எஃப்டிசி (வாடிக்கையாளர் ஏமாறாம பாத்துக்கிற அரசு அமைப்பு) கேஸ் போட்டு, 2017ல 22 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிட்டாங்க. இதுல முக்கியமான விஷயம், ஆப்ல பாக்குறது மட்டும் இல்ல, கேபிள், டிவிடி, வெளிய இருந்து வயர் போட்டு ஓட்டுறதுன்னு எதுவா இருந்தாலும் அதுக்குத் தெரியும். நான் பாட்டுக்கு பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐல மாட்டிட்டா தப்பிச்சோம்னு நெனச்சுட்டு இருந்தேன்!

இதை ஆஃப் பண்ணலாம், ஆனா பேரு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொண்ணு. சாம்சங்ல வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்னு இருக்கும், எல்ஜில லைவ் ப்ளஸ்னு இருக்கும். பேரைப் பாத்தா வேவு பாக்குற சமாச்சாரம்னு யாருக்காவது தோணுமா? எங்க டிவில நாலு மெனு உள்ள போயி ஒளிஞ்சிருந்துச்சு, கண்டுபிடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

அதோட நிறுத்தாம, டிவியை வைஃபைலயே சேக்காம வச்சுப் பாத்தேன். நாலு மாசம் ஓடுச்சு. பென்டிரைவ்ல படம் போட்டு மாட்டுறது, அதுல ஒரு தலைவலி, பென்டிரைவ் எஃப்ஏடி32ங்கிற ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, வேற ஃபார்மேட்ல போட்டா எங்க டிவி படிக்காது. அதனால சீக்கிரமே 2014ல வாங்கின லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் ஏத்தினேன், எச்டிஎம்ஐ கேபிள், ஒரு வயர் இல்லாத மவுஸ், அவ்ளோதான். ப்ளேயருக்கு விஎல்சி. அதுலயும் ஒரு கூத்து, 2022ல விஎல்சியோட வெப்சைட் நம்ம நாட்டுல பிளாக் ஆகிக் கிடந்துச்சு, பிப்ரவரில இருந்து நவம்பர் வரைக்கும். நான் என் நெட்டுதான் மக்கர் பண்ணுதுன்னு மோடத்தை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டேன். மின்ட்ல அதோட சாஃப்ட்வேர் மேனேஜர்லயே இருந்ததால பொழச்சோம். லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, எந்த ஃபார்மேட் குடுத்தாலும் ஓட்டும். எங்க கல்யாண டிவிடி, பாப்பாவோட காதுகுத்து வீடியோ, காசு குடுத்து வாங்கின பழைய பட டிவிடிங்க எல்லாத்தையும் அதுல ஏத்தி வச்சிருக்கோம்.

ஜெல்லிஃபின்னு வீட்டுக்குள்ளயே சொந்தமா ஒரு ஓடிடி மாதிரி நடத்துற சாஃப்ட்வேர் இருக்கு, 2018ல எம்பி (Emby)ன்னு இதே மாதிரி ஒரு சாஃப்ட்வேர் தன்னோட கோடை வெளிய காட்டாம மூடினப்ப அதுல இருந்து பிரிஞ்சு வந்தது. போஸ்டரெல்லாம் போட்டு பிரமாதமா இருக்கும். ஆனா என் லேப்டாப்புக்கு அந்த வேகம் பத்தல, வீடியோவை மாத்தி அனுப்பறதுக்குள்ள ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துச்சு. ரெண்டு மாசத்துல விட்டுட்டேன். நல்ல மெஷின் இருக்கிறவங்க பாருங்க.

டிவியை ஆஃப்லைன்ல வச்சதை உடைச்சது அம்மாதான். அவங்களுக்கு ரிமோட் மைக்கை அமுக்கிப் பேசி பாட்டு தேடுறது ரொம்பப் புடிக்கும், டைப் பண்ண வராது. "கண்ணு, என் பாட்டை எங்கடா ஒளிச்சு வச்ச"ன்னு தினமும் கேட்டாங்க. எழுபது வயசுல அவங்க கத்துக்கிட்ட ஒரே வித்தையை நான் புடுங்கிட்டேன்னு தோணுச்சு, திருப்பி வைஃபைல சேத்துட்டேன். இப்ப நிலவரம் என்னன்னா டிவி நெட்ல இருக்கு, அக்கவுண்ட் இல்ல, ஏசிஆர் ஆஃப், விளம்பர ஐடி (விளம்பரக் கம்பெனிங்க நம்மளை அடையாளம் வைக்கிற நம்பர்) சம்பந்தமான சுவிட்செல்லாம் ஆஃப். மைக்கை அம்மா அமுக்குறப்ப அவங்க குரல் எங்கயோ போகுதுதான், தெரிஞ்சேதான் விட்டிருக்கேன். சீரியல் மட்டும் அவங்க கேபிள்ல பாக்குறாங்க, எங்க கேபிள் பாக்ஸ் ஒரு வழிப்பாதைதான், சிக்னல் உள்ள வரும், நீங்க எந்த சேனல் பாத்தீங்கன்னு திரும்பிப் போகாது. டிஆர்பி கணக்கே தேர்ந்தெடுத்த கொஞ்சம் வீடுகள்ல மீட்டர் வச்சுதானே எடுக்குறாங்க. பழசு பழசுன்னு கேலி பண்றோம், இந்த விஷயத்துல கேபிள் தாத்தா பரவால்ல.

ஃபோனுக்கு வர்றேன். நியூபைப்புன்னு ஒரு ஆப், ப்ளே ஸ்டோர்ல கிடைக்காது, எஃப்-ட்ராய்டுங்கிற வேற ஒரு இலவச ஆப் ஸ்டோர்ல எடுக்கணும். கூகுள் அக்கவுண்ட் இல்லாமயே யூடியூப் பாக்கலாம், சப்ஸ்கிரைப் பண்ணலாம், அந்த லிஸ்ட் நம்ம ஃபோன்லயே இருக்கும், திரையை அணைச்சாலும் பாட்டு ஓடும். மூணு வருஷமா தினமும் பயன்படுத்துறேன். குறைன்னா, யூடியூப் உள்ள எதையாவது மாத்தினா இது பொசுக்குன்னு நின்னுரும், அப்டேட் வர ஒரு நாளோ நாலு நாளோ காத்திருக்கணும். ஒரு தடவை பஸ்ல மதுரைக்குப் போறப்ப நின்னு போயி ரெண்டு மணி நேரம் பக்கத்து சீட்டுக்காரர் மருமக கதை கேட்டேன். இன்னொண்ணு, அக்கவுண்ட் இல்லைன்னாலும் நம்ம நெட் இணைப்போட நம்பர், அதான் ஐபி அட்ரஸ், யூடியூபுக்குத் தெரியும், முழுசா மறைஞ்சுட்டோம்னு நெனைக்காதீங்க. மூணாவது என் மனசாட்சி சம்பந்தப்பட்டது, யூடியூப் விதிமுறைக்கு இது ஒத்துவராது, விளம்பரம் ஓடாததால வீடியோ போடுறவங்களுக்கு காசும் போகாது. நான் விடாம பாக்குற ரெண்டு சேனலுக்கு அவங்க குடுத்திருக்கிற யுபிஐல அப்பப்ப அனுப்பிடுறேன். சரியா தப்பான்னு வாதம் பண்ண வரல.

பாட்காஸ்டுக்கு ஆன்டெனாபாட். இது ப்ளே ஸ்டோர்லயும் இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்லாத ஒரே ஆப் இதுதான், அதனால எழுதவும் ஒண்ணுமில்ல.

ரேடியோ பத்தி யாரும் பேசறதில்ல. எங்க ஊர்ல கோடை பண்பலை 100.5 கண்ணாடி மாதிரி விழும், மலை மேல டவர் இருக்கிறதால சுத்துப்பட்டு ஜில்லா பூரா கேக்கும். பழைய ஃபோன்ல எஃப்எம் இருக்கு, வயர் இயர்ஃபோன் மாட்டணும், அந்த வயர்தான் ஆன்டெனா. நெட்டு வேண்டாம், டேட்டா வேண்டாம், நான் கேக்குறேன்னு ஆகாஷ்வாணிக்கே தெரியாது. காலைல தோட்டத்துக்குத் தண்ணி விடுறப்ப அதுதான். என் புது ஃபோன்ல எஃப்எம் கிடையாது, அதனால பழசைத் தூக்கிப் போடவே இல்ல.

பாப்பா கதை கொஞ்சம் சீரியஸ். ஆறாவது படிக்கிறா. ஒரு இலவச கேம் போட்டிருந்தா, கலர் அடிக்கிற கேம், அதுக்கு எதுக்கு கான்டாக்ட்ஸ், லொக்கேஷன், மைக்? எல்லாத்துக்கும் அலோ குடுத்து வச்சிருந்தா. என் ஃபோனு வேற. அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வாரம் கண்ட நம்பர்ல இருந்து கால், அந்த கேமாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது, சந்தேகம்தான். நம்ம சட்டத்துல, 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல, 18 வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைங்க தகவலை எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும், அவங்களை வேவு பாத்து விளம்பரம் காட்டக் கூடாதுன்னு இருக்கு. ஆனா விதிகள் வந்ததே 2025 நவம்பர்ல, முக்கியமானதெல்லாம் அமலுக்கு வர அதுல இருந்து 18 மாசம். அதுவரைக்கும் புள்ளை விளையாடாம இருக்குமா?

நான் பண்ணது, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல பர்மிஷன் மேனேஜர்ல போயி ஒவ்வொண்ணா புடுங்கினேன், விளம்பர ஐடியை டெலிட் பண்ணேன், ப்ரைவேட் டிஎன்எஸ்ல (சைட் பேரை வச்சு அது இருக்கிற இடத்தைத் தேடித் தர்ற சர்வரை நாமளே தேர்ந்தெடுக்கிற இடம்) விளம்பரத்தைத் தடுக்கிற ஆட்கார்டோட அட்ரஸைப் போட்டேன். ஆண்ட்ராய்டு 9ல இருந்து எல்லா ஃபோன்லயும் இந்த வசதி இருக்கு, தனி ஆப் வேண்டாம். கேம்ல வர்ற விளம்பரம் பாதிக்கு மேல காணாமப் போச்சு. யூடியூப் விளம்பரத்துக்கு இது வேலை செய்யாது, வீடியோ வர்ற இடத்துல இருந்தேதான் விளம்பரமும் வருது. ஓட்டல், ரயில்வே ஸ்டேஷன் வைஃபைல சிலசமயம் லாகின் பக்கமே வராம முறைக்கும், அப்ப அணைச்சுட்டு திருப்பிப் போடணும். அதோட, நான் எந்தெந்த சைட்டுக்குப் போறேன்னு இப்ப அந்த டிஎன்எஸ்காரனுக்குத் தெரியும், ஒருத்தன் கிட்ட இருந்து வாங்கி இன்னொருத்தன் கிட்ட குடுத்திருக்கேன், அவ்ளோதான்.

கலர் கேமுக்குப் பதிலா லிச்செஸ். செஸ்ஸு. விளம்பரமே கிடையாது, ட்ராக்கர் கிடையாது, நன்கொடைல ஓடுது, பேர் பதியாமயே விளையாடலாம், கம்ப்யூட்டரோட ஆடுறதுன்னா நெட்டு கூட வேண்டாம். 2024 டிசம்பர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆன வாரம் பாப்பாவுக்கு பேய் புடிச்ச மாதிரி ஆசை வந்துச்சு, அதைப் புடிச்சுக்கிட்டேன். இப்ப என்னை பத்துக்கு ஏழு தடவை தோக்கடிக்கிறா.

படிக்கிறதுக்கு மதுரைத் திட்டம், 1998 பொங்கல்ல ஆரம்பிச்சது, பழைய தமிழ் நூலெல்லாம் பிடிஎஃப்பா இலவசமா இருக்கு, மெயில் ஐடி கூட கேக்காது. இறக்கி வச்சுட்டா எந்தப் பக்கத்துல எவ்ளோ நேரம் நின்னீங்கன்னு பாக்க ஆளில்ல.

ஓடிடியை விட முடியல, ஒத்துக்கிறேன். நாலு வச்சிருந்தோம், இப்ப ஒண்ணு. அதுக்குன்னு தனி மெயில், ஆளுக்கொரு ப்ரொஃபைல், என்னுதுக்கு பின் நம்பர் (தீபாவளிப் பாடம்). ஆப்புக்குப் பதிலா ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல விளம்பரத்தைத் தடுக்கிற யூப்ளாக் ஆரிஜின் போட்டு லேப்டாப்ல பாக்குறோம். பிரவுசர்ல சில ஓடிடிங்க படத்தோட தரத்தைக் குறைச்சுதான் தரும், வீட்டுக்காரி அதைப் பாத்துட்டு "உங்க ப்ரைவசி மங்கலாத் தெரியுதே"ன்னு சொன்னா. மொபைல் நம்பர் ஓடிபி கேக்குற இடத்துல ஒண்ணும் பண்ண முடியல. தனி சிம் வாங்கிப் பாத்தேன், ரீசார்ஜ் பண்ண மறந்து நம்பரே போயிருச்சு, யார் கைக்குப் போச்சோ.

நெட்ல நம்ம அட்ரஸை மறைக்கிற விபிஎன்ல, இலவசமா வர்றது வேண்டவே வேண்டாம். நான் போட்டது விளம்பரத்தை விரட்டுறதுக்குப் பதிலா தானே விளம்பரம் போட்டுச்சு. காசு குடுக்குற விபிஎன்னும் யோசிச்சேன், 2022ல செர்ட்-இன் (நம்ம அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு வந்துச்சுல்ல, விபிஎன் கம்பெனிங்க பயனாளிங்க விவரத்தை 5 வருஷம் வச்சிருக்கணும்னு, அதுல எக்ஸ்பிரஸ்விபிஎன் மாதிரி ஆளுங்க இங்க இருந்த சர்வரையே எடுத்துட்டாங்க. நான் பழைய பாட்டு கேக்குறதுக்கு மாசாமாசம் அதுக்கு வேற அழணுமான்னு விட்டுட்டேன்.

போன மாசம் டிவிக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்துச்சு. முடிஞ்சதும் புது விதிமுறைன்னு ஒரு பக்கம், கீழ பெருசா "எல்லாத்துக்கும் சம்மதம்"னு ஒரு பட்டன், அம்மா அமுக்கிட்டாங்க, பாட்டு வரணும்ல. போயி பாத்தா நான் அணைச்சு வச்ச அஞ்சுல மூணு சுவிட்ச் திரும்ப ஆன். மறுபடி அந்த நாலு மெனு. ரிமோட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன், எதாவது சம்மதம் கேட்டா என்னைக் கூப்பிடவும்னு. அம்மா அதைப் படிச்சுட்டு, எழுத்து சின்னதா இருக்கு, பெருசா எழுதுன்னு சொல்லியிருக்காங்க.