கைபேசிச் செய்தியா, ஒலிபெருக்கி வண்டியா?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தபோது மொரீஷியஸில் விடிகாலை 5 மணிகூட ஆகவில்லை. சுனாமி அலை இங்கே வர ஏறக்குறைய 7 மணி நேரம் பிடித்தது. ஆனால் நேரம் இருந்து என்ன, சேதி கரைக்கு வர வேண்டுமே! அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா மூன்றும் எச்சரிக்கை அனுப்புகின்றன. அதை இங்குள்ள கரையோர ஊரான மஹேபூரின் கடற்கரைத் தெருவுக்குக் கொண்டுவரப்போவது எது?

வேகத்தில் கைபேசிதான். ஆனால் என் மாமா படகில் போகும்போது கைபேசியை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மீன் கூடைக்கு அடியில் வைத்துவிடுவார். கரைக்கு வந்த பிறகுதான் பார்ப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கோ, அதே சேதி வாட்ஸ்அப்பில் மூன்று கதையாகிச் சுற்றும்.

வண்டி மெதுவாகத்தான் வரும். தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் பாதிச் சொல் காற்றோடு போய்விடும். ஆனாலும் இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் கூப்பிட்டுச் சொல்லும்போது எல்லோரும் வாசலுக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பையைத் தூக்கினால் நாமும் தூக்குகிறோம். 7 மணி நேரம் கையில் இருக்கும்போது பத்து நிமிடத் தாமதம் பெரிதில்லை. என் ஓட்டு வண்டிக்கே.

ஒரு விஷயத்தில் மட்டும் கைபேசி ஜெயிக்கிறது. முதல் அலையே பெரிய அலையாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்து மணிக்கணக்கில் வரலாம். மேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியிருப்பவர்களிடம் “இன்னும் இறங்காதீர்கள்” என்று சொல்ல வண்டி எத்தனை மேடு ஏறும்?