150-600 லென்ஸோடு ஏழு ஏப்ரல்: நியூமார்க்கெட் காலைப் பயிற்சியில் குதிரைகள்

இந்த 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை வாங்கியபோது என் மனதில் இருந்தது 600 என்ற எண் மட்டும்தான் (எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). குதிரை எவ்வளவு தூரத்தில் ஓடினாலும் அதன் கண்ணும் மூக்கும் படம் நிறைய வந்துவிட வேண்டும் என்ற ஆசை. ஏழு ஏப்ரல் போன பிறகு, வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிய படங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவை 200-க்கும் 300-க்கும் நடுவில் எடுத்தவை. வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படமெடுப்பது இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில். கேம்பிரிட்ஜிலிருந்து 20 கிலோமீட்டர் போல இருக்கும். சின்ன ஊர்தான், ஆனால் ஏறக்குறைய 3,000 பந்தயக் குதிரைகள் அங்கே லாயங்களில் வளர்கின்றன. மே மாதத் தொடக்கத்தில் ரௌலி மைல் திடலில் 2000 கினீஸ், 1000 கினீஸ் பந்தயங்கள் அடுத்தடுத்த நாட்களில் வரும். முதலாவது 1809-லும் அடுத்தது 1814-லும் தொடங்கியவை. இரண்டுமே மூன்று வயதுக் குதிரைகளுக்கு, ஒரு மைல் தூரம். இரண்டாவதில் பெண் குதிரைகள் மட்டும். பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரங்கள்தான் எனக்குத் திருவிழா. பந்தய நாளில் டிக்கெட், கூட்டம், தள்ளுமுள்ளு எல்லாம் உண்டு. காலைப் பயிற்சியையோ வாரன் ஹில் மேட்டில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

என்னிடம் இருப்பது நொடிக்கு 10 படம் எடுக்கும் க்ராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா. லென்ஸ் 150-600 மி.மீ., எஃப்/5-6.3 (லென்ஸ் திறக்கும் அளவு; எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), எடை 2 கிலோவுக்குப் பக்கம். இதே அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் செய்கின்றன, அதனால் கம்பெனிப் பெயரைவிட இந்த வகை லென்ஸ் எப்படி உழைக்கிறது என்பதுதான் பேச வேண்டியது.

ஏப்ரல் கடைசியில் சூரியன் ஐந்தே முக்கால் வாக்கில் எழும். முதல் அணிக் குதிரைகள் கிட்டத்தட்ட அந்த நேரத்திலேயே வெளியே வந்துவிடும். உண்மையில் மிக அழகான வெளிச்சமும் அப்போதுதான், இந்த லென்ஸ் திணறுவதும் அப்போதுதான். 600-இல் எஃப்/6.3. ஓட்டத்தை உறைய வைக்க ஷட்டர் 1/1600 நொடி வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூடினால் படம் சொரசொரப்பாகும்) 6400-ஐத் தாண்டிப் போகும். பனிமூட்டத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். அதற்குள் குதிரை போயே போய்விடும். முதல் இரண்டு வருடம் இதோடு மல்லுக்கட்டினேன். அப்புறம் அந்த அரை மணி நேரத்தில் உறைய வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். ஷட்டரை 1/60-க்கு இறக்கி, 200-இல் வைத்து, குதிரையோடு சேர்த்து இடுப்பிலிருந்து திரும்பினால் கால்கள் கரைந்து, தலையும் சவாரிக்காரரின் தோளும் தெளிவாக நிற்கும். பத்தில் ஒன்று தேறும். அந்த ஒன்று போதும்.

வெளிச்சம் வந்த பிறகு எங்கே நிற்பது என்பது முக்கியம். குதிரைகள் ஊர்ப்பக்கத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறி வரும். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இருக்கும். மேலே நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும், செவலை நிறக் குதிரைகள் தாமிரம் போல மின்னும். கீழே நின்றால் பிடரி மயிரின் ஓரமும் மூச்சு ஆவியும் ஒளிரும். நான் கீழேதான் அதிகம் நிற்பேன்.

அந்த ஆவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான் விடும். முன்கால்கள் தரையில் ஊன்றும்போது மூச்சு வெளியேறும். நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் உள்ளே இழுக்கும். கால்கள் அப்போது வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும், ஓவியர்கள் வரைந்து வந்தது போல முன்னும் பின்னும் நீண்டிருக்காது. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் காட்டியது அதைத்தான். ஆக, அந்தரத்தில் நிற்கும் குதிரையும் மூக்கிலிருந்து சீறும் புது ஆவியும் ஒரே படத்தில் வராது. இது புரியாமல் ஒரு வசந்தம் முழுக்க அந்தப் படத்துக்காகக் காத்திருந்தேன். நொடிக்கு இரண்டு தாவலுக்கு மேல் என்றால், 10 படத்தில் ஒரு தாவலுக்கு நான்கைந்துதான் கிடைக்கும். இப்போது முன்கால் ஊன்றும் தாளத்தைக் கண்ணால் எண்ணி அழுத்துகிறேன்.

ஃபோகஸ் விஷயத்தில் ஒரு பாடம். நேராக வரும் குதிரையின் தலை ஒவ்வொரு தாவலுக்கும் மேலும் கீழும் ஆடும். புள்ளியைக் கண்ணில் வைத்தால் தவறிக்கொண்டே இருக்கும். கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் வைத்துவிட்டு எஃப்/8-க்குப் போனால், தெளிவாக விழும் ஆழம் கூடி, கண்ணும் தெளிவுக்குள் வந்துவிடுகிறது.

நான்காவது வருடம் ஜூம் வளையத்துக்குள் மணல் அரைபடும் சத்தம் கேட்டது. ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். கினீஸ் முடிந்துதான் திருப்பித் தந்தார்கள். மனசே ஆறவில்லை. நண்பரின் 70-200 எஃப்/2.8-ஐ இரவல் வாங்கிக்கொண்டு போனேன். எட்டாத தூரத்தை விட்டுவிட்டு, குதிரைகள் வேலியோரமாகக் கடக்கும் இடத்தில் காத்து நின்றேன். அந்த மூன்று வாரத்துப் படங்கள்தான் இன்றும் என் சுவரில் இருக்கின்றன. முழுக் குதிரையும், சவாரிக்காரரும், மேட்டின் புல்லும் சேர்ந்து வரும்போதுதான் அது நியூமார்க்கெட்.

மழைக்கு முதலில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். ஒரு நாள் அது காற்றில் சடசடத்ததில், முன்னே நடந்து போன இரண்டு வயதுக் குட்டி மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. சவாரிக்காரப் பெண் விழவில்லை, கழுத்தைத் தடவிக்கொடுத்து நடத்திப் போனார். என் கை நடுங்கியது. அன்றிலிருந்து துணி உறைதான். மூன்று கால் ஸ்டாண்டும் எடுத்துப் போவதில்லை, கையில் பிடித்தே எடுக்கிறேன்.

எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் எழும்பும். 600-இல் எடுத்தது எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், பக்கத்தில் வரும் குதிரையை எடுங்கள், சரியாகிவிடும்.

இருந்தாலும் இதை விற்கப் போவதில்லை. பயிற்சி முடிந்து குதிரைகள் ஒற்றை வரிசையில் லாயத்துக்கு நடந்து திரும்பும்போது, 500-இல் வைத்துப் பார்த்தால் இருபது முப்பது தலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி ஆடி வரும், வியர்வை ஆவி மேலே எழும். அந்தப் படத்தை 70-200 தராது. அடுத்த ஏப்ரலுக்குள் பழைய எஃப்/2.8 ஒன்று வாங்கிவிட வேண்டும், இரண்டையும் சுமக்க முதுகுப் பை ஏற்கெனவே தயார்.