150 டாலர் நாயா, இலவச நாயா?

"வழிகாட்டி நாயைச் சும்மாவே தர்ற இடம் நாலு இருக்கு. 150 டாலர் கேக்கிற இடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்றார் அண்ணன். சோற்றுத்தட்டில் இருந்து தலை நிமிராமல் கேட்டாலும் கேள்வி நியாயமான கேள்விதான்.

அண்ணன் மகளுக்கு 20 வயது. நியூஜெர்சியில் கல்லூரியில் படிக்கிறாள். விழித்திரை நோயால் பத்து வயதில் மங்கத் தொடங்கிய பார்வை, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவில் நிற்கிறது. வீட்டில் இன்னும் பாப்பாதான். இந்த வருடம், பார்வையற்றவர்களைத் தெருவில் கூட்டிப்போகப் பழக்கிய வழிகாட்டி நாய்க்கு விண்ணப்பிக்கப்போவதாகச் சொன்னாள். நாய் தரும் பள்ளிகளைப் பற்றி அவளுடைய கணினி சத்தமாக வாசிக்க வாசிக்க நான் நோட்டில் எழுதினேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. அந்த நோட்டைத்தான் இங்கே விரிக்கிறேன்.

முதலில் அந்த 150 டாலர். அதைக் கேட்பது மோரிஸ்டவுனில் உள்ள 'சீயிங் ஐ' பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அமெரிக்காவில் இந்தத் தொழிலையே தொடங்கிவைத்த பள்ளி அது. ஊரில் பலரும் எல்லா வழிகாட்டி நாயையும் 'சீயிங் ஐ டாக்' என்கிறார்கள், நம் ஊரில் எந்த நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. உண்மையில் அது அந்தப் பள்ளியின் பெயர்.

கதை 1927இல் தொடங்குகிறது. போரில் கண்ணிழந்தவர்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்குவது பற்றி, சுவிட்சர்லாந்தில் நாய் வளர்த்துவந்த டோரத்தி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு பத்திரிகையில் எழுதினார். டென்னசியின் நாஷ்வில் ஊரில் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அதை அவர் அப்பா வாசித்துக் காட்டினார். மோரிஸ் கடிதம் போட்டார், கப்பல் ஏறினார், 1928இல் 'பட்டி' என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு திரும்பி, பத்திரிகைக்காரர்கள் பார்க்க நியூயார்க்கின் நெரிசல் தெருவைக் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டு பள்ளி பிறந்தது. அப்போது அவருக்கும் பாப்பா வயதுதான், ஓரிரு வருடம் முன்பின். இதைக் கேட்டதிலிருந்து அவள் முகமே வேறு.

கட்டணம் 1934இல் வைத்தது. முதல் நாய்க்கு 150, அடுத்தடுத்த நாய்களுக்கு 50, படைவீரராக இருந்தவர்களுக்கு 1 டாலர். இன்றுவரை அதேதான். தவணையாகவும் கட்டலாம். ஒரு நாயை வளர்த்துப் பழக்கிக் கையில் கொடுக்கப் பல்லாயிரம் டாலர் ஆகிறது. அதில் 150 எந்த மூலைக்கு? வரவுக்காக வைத்த தொகை இல்லை இது. தர்மத்துக்கு வாங்கினேன் என்று யாரும் தலைகுனியக்கூடாது, காசு கொடுத்து வாங்கினேன் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்தது. பயிற்சி முடிந்ததும் நாயின் உடைமையையும் மாணவர் பெயருக்கே மாற்றிவிடுகிறார்கள்.

இந்த உடைமை விஷயத்தை அண்ணன் சட்டத் தகராறு மாதிரி பார்த்தார். நான் அதைத்தான் முதல் கேள்வியாக வைப்பேன். சில பள்ளிகளில் நாய் சில காலமாவது பள்ளியின் சொத்தாகவே இருக்கும். சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். நாயின் நன்மைக்காகத்தான். இருந்தாலும் 20 வயதுப் பெண் ஒருத்தி, இது என் நாய் என்று நம்பி உடன் வாழும்போது, காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. இலவசமா, கட்டணமா என்பதைவிட இதைக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன்பு கேளுங்கள்.

இலவசப் பக்கம் பெரிய பெயர்கள்: கலிபோர்னியாவின் சான் ரஃபேலிலும் ஓரிகனிலும் வளாகம் உள்ள 'கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்', 1942இல் தொடங்கியது. மிச்சிகனில் லயன்ஸ் சங்கத்தினர் 1939இல் ஆரம்பித்த 'லீடர் டாக்ஸ்'. நியூயார்க் மாநிலத்து யார்க்டவுன் ஹைட்ஸில் 'கைடிங் ஐஸ்'. நாயை உங்கள் ஊருக்கே கொண்டுவந்து உங்கள் தெருவில் பழக்கிக் கொடுப்பதற்குப் பேர்போன 'ஃபிடெல்கோ', கனெக்டிகட்டில்.

பணத்துக்கு அடுத்துப் பெரிய வித்தியாசம் காலமும் இடமும். கலிபோர்னியாக்காரர்கள் இரண்டு வாரத்தில் முடிக்கிறார்கள். மோரிஸ்டவுனில் முதன்முறை வருகிறவர்களுக்கு மூன்று வாரம் தாண்டும். வளாகத்திலேயே தங்க வேண்டும். விடுப்பு கிடைக்காதவர்களுக்கு, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வாரமோ, வீட்டுக்கே வந்து தரும் பயிற்சியோ வரம். ஏற்கெனவே இரண்டு நாய் வைத்திருந்தவர்களுக்கும் அது போதும்.

நானும் ஆரம்பத்தில் வீட்டுப் பயிற்சி கட்சிதான். அவள் நடக்கப்போவது எங்கள் தெருவில், எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு. வேறு ஊரில் ஏன் பழக வேண்டும் என்று வாதாடினேன். என் கட்சியைக் கவிழ்த்தவர் அண்ணி. நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர், பேச்சு வந்த இரண்டாம் வாரமே, "அது இட்லி சாப்பிடுமா?" என்று கேட்டார். அங்கேயே முடிந்தது. முதல் வாரங்களில் நாய் யாரைப் பார்க்கிறது, யார் கையால் சாப்பிடுகிறது, யார் சொன்னால் திரும்புகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, அத்தை, வார இறுதியில் வரும் விருந்தாளிகள் என்று ஆளுக்கொரு கை நீளும். பாப்பா மட்டும் நாயோடு மூன்று வாரம் தனியாக இருக்கட்டும். கூட்டுக்குடும்ப வாசனை உள்ள எந்த வீட்டுக்கும் முதல் நாய்க்கு உறைவிடப் பயிற்சியைத்தான் சொல்வேன்.

சரி, பள்ளியைத் தேர்ந்துவிட்டால் நாய் வந்துவிடுமா? எல்லாப் பள்ளியும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஸ்டிக் (பார்வையற்றவர்கள் தட்டி நடக்கும் வெள்ளைக் கோல்) வைத்துக்கொண்டு தனியாகப் போய்வரத் தெரியுமா? இது எங்களுக்கு அதிர்ச்சி. ஸ்டிக்கை விடத்தானே நாய் என்று நினைத்திருந்தோம்.

ஸ்டிக் தொட்டுச் சொல்லும். நாய் தொடவிடாமல் கூட்டிப்போகும். பாப்பா பஸ் நிறுத்தத்துக்குப் போகும் கணக்கு இப்படி: இரண்டாவது தபால்பெட்டி, மரவேர் தூக்கிய சிமெண்ட் பலகை, குப்பைத்தொட்டி, இடது திருப்பம். ஒவ்வொன்றையும் ஸ்டிக் தட்டிச் சொல்லும். நாய்க்கு அவையெல்லாம் இடைஞ்சல், வளைத்துக்கொண்டு போய்விடும். ஒரே நாளில் அவளுடைய அடையாளங்கள் அத்தனையும் காணாமல் போகும். கன்னத்தில் வெயில் எந்தப் பக்கம், தெருவின் சத்தம் எந்தப் பக்கம், கால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று வேறு கணக்கு போட வேண்டும். போகிற இடம் நாய்க்குத் தெரியாது. அவள்தான் சொல்ல வேண்டும்.

சிக்னல் விளக்கும் நாய்க்குத் தெரியாது. தனக்கு இணையாக ஓடும் தெருவில் வண்டிகள் சீறிக் கிளம்பும் சத்தத்தை வைத்து அவள் முடிவெடுத்து "ஃபார்வர்ட்" என்று சொல்வாள். அப்போது திடீரென்று ஒரு வண்டி திரும்பினால் நாய் சொல்பேச்சு கேட்காமல் நின்றுவிடும். இந்தக் கெட்டிக்கார அடங்காமையைக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சியின் உச்சம். மின்சார வண்டிகள் குறைந்த வேகத்தில் ஒலி எழுப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. ஆனாலும் மழைநாளில் அந்த ஒலி காதுக்கு எட்டாது என்கிறாள். அங்கே நாய்க்கு நூறு மதிப்பெண். முகத்து உயரத்தில் நீட்டும் கிளையைச் ஸ்டிக் கண்டுபிடிக்காது, நாய் ஒதுக்கும். நடைவேகமோ கேட்கவே வேண்டாம், தட்டித் தட்டிப் போவதற்கும் வீசி நடப்பதற்கும் உள்ள தூரம்.

ஸ்டிக் பக்கமும் சொல்ல வேண்டும். மடித்து மூலையில் வைத்தால் கிடக்கும். அதற்குக் காய்ச்சல் வராது. சனவரி மாதப் பனியில் காலை ஆறு மணிக்கு 'வெளியே போகணும்' என்று எழுப்பாது. நாய்க்குச் சாப்பாடு, தடுப்பூசி, ஆண்டுச் சோதனை எல்லாம் மாதாமாதம் கையைக் கடிக்கும் செலவு. இதில் கலிபோர்னியாப் பள்ளி முந்துகிறது. மருத்துவச் செலவுக்கு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. மாணவர்களுக்கு இது 150 டாலரைவிட எவ்வளவோ பெரிது. அண்ணன் இந்த வரியைக் கேட்டதும்தான் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

ஸ்டிக் நடை தடுமாறுகிறவர்களுக்கு மிச்சிகன் பள்ளி நல்ல இடம். நாய்க்கு முன்னால், அங்கேயே தங்கவைத்து ஒரு வாரம் ஸ்டிக் பயிற்சி தருகிறார்கள், அதுவும் இலவசமாக. பாப்பாவுக்கு மாநில அரசின் பார்வையற்றோர் ஆணையம் ஒரு பயிற்சியாளரை அனுப்புகிறது, அதனால் தேவைப்படவில்லை. இல்லாதிருந்தால் என் ஓட்டு மிச்சிகனுக்கே.

இனம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், இரண்டின் கலப்பு, சில இடங்களில் ஜெர்மன் ஷெப்பர்ட். எந்த நாய் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நம் விருப்பத்தைச் சொல்லிவைக்கலாம். ஓடுகிறவர்கள் மட்டும் யார்க்டவுன் ஹைட்ஸின் 'கைடிங் ஐஸ்' பள்ளியைக் கவனிக்க வேண்டும், கூட ஓடவே நாய் பழக்குகிறார்கள். அதன் அப்போதைய தலைவர் தாமஸ் பனேக், அவரும் பார்வையற்றவர், 2019இல் நியூயார்க் அரை மராத்தானை வாஃபிள், வெஸ்ட்லி, கஸ் என்ற மூன்று நாய்களை மாற்றி மாற்றிப் பிடித்து ஓடி முடித்தார். பாப்பா பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டாள்.

வெளியில் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம் பக்கம். கடையிலோ உணவகத்திலோ இரண்டே கேள்வி கேட்கலாம்: குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? சான்றிதழ் காட்டு என்று கேட்க முடியாது. விமானத்தில் மட்டும் 2021 முதல் ஒரு படிவம் கேட்கலாம். ஆனால் மத நிறுவனங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. கோயில் அனுமதிக்கவில்லை என்றால் அந்தச் சட்டத்தை நீட்ட முடியாது. பைரவரின் வாகனமே நாய்தானே என்று அண்ணன் வாதாடிப் பார்க்கப்போகிறாராம். பாப்பா வாதாட்டத்துக்குத் தயாராக இல்லை. கோயிலுக்கு ஸ்டிக்கோடு போகிறேன் என்றுவிட்டாள்.

மதுரைப் பயணத்துக்கும் அதே தீர்ப்பு. இந்தியாவுக்குள் நாய் வர கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். திரும்பும்போது, வெறிநோய் அபாயம் கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் கடுமையாக்கிய விதிகள்: மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்று, படிவங்கள். இரண்டு வாரம் பாட்டியைப் பார்த்துவிட்டு வர இத்தனையும் வேண்டாம், ஸ்டிக் போதும்.

ஆக, மோரிஸ்டவுனுக்கு விண்ணப்பம் போகிறது. உடைமை, நீண்ட பயிற்சி, கிட்டத்தில் இருப்பது, அண்ணியின் இட்லி எட்டாத தூரம் என்று நான்கு காரணம். மேற்குக் கடற்கரையில் இருந்திருந்தால், அல்லது கையில் காசில்லாமல் இருந்திருந்தால், வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பள்ளியிலிருந்து ஒருவர் வந்து 'ஜூனோ' நடை பார்ப்பார். அவரே ஹார்னஸின் (நாய் மேல் மாட்டும் கைப்பிடி வார்) ஒரு முனையைப் பிடித்து நாயாக நடப்பார். மறுமுனையைப் பிடித்து இவள் இல்லாத நாய்க்குக் கட்டளை கொடுக்க வேண்டும். வேகம் எவ்வளவு, இழுப்பு எவ்வளவு தாங்குவாள், குரலில் உறுதி இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அதற்கு ஒத்திகையாக நேற்று மாலை பழைய பள்ளிக்கூடப் பை வாரைப் பிடித்துக்கொண்டு நான் நாயானேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். தெருமுனை வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"அத்தை, நீங்க இழுக்கவே மாட்டேங்கிறீங்க. படிவத்துல வேகமான நாய்னு எழுதிடுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.