8 மி.மீ. காலெட் செட் வாங்கி 14,500 ரூபாய் போனது: பழைய வாட்ச் லேத் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

முந்தாநாள் வந்த பார்சல் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வேறு யாரும் இதில் மாட்டக்கூடாது.

மதுரையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். லேத் அப்பா காலத்து லார்ச், ஜெர்மன் தயாரிப்பு, 8 மி.மீ. காலெட் (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சின்னக் குழல்) போடுவது. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் முடிவானதிலிருந்து, அவர்களுடைய ஜனதா வாட்சுக்கு நல்ல பேலன்ஸ் ஸ்டாஃப் (பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) கிடைப்பது குதிரைக்கொம்பு. உடைந்து வந்தால் நாமே கடைந்து போட்டால்தான் உண்டு. அதற்குக் காலெட் ஒழுங்காக இருக்க வேண்டும். 12-ஆம் நம்பர் என்றால் துளை 1.2 மி.மீ., 14 என்றால் 1.4. அந்த அளவுக்கு ஒட்டாத கம்பியைப் போட்டு இறுக்கினால் காலெட்டின் வாய் கெட்டுப்போகும், கம்பியும் தள்ளாடும். என்னிடம் இருந்த 12, 14, 16 மூன்றும் அப்படித்தான் வீணாகிப்போயின.

பழைய மெஷின் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் 24 காலெட் கொண்ட செட் ஒன்றைப் பார்த்தேன். மரப்பெட்டியோடு 14,500 ரூபாய். உடனே பணம் போடவில்லை. விற்பவரைக் கூப்பிட்டு, "தம்பி, என்னோடது லார்ச். அதுக்குச் சேருமா?" என்று தெளிவாகக் கேட்டேன். "அண்ணே, எட்டு எம்எம்னா எட்டு எம்எம்தான். நானும் எங்கப்பா வாட்ச் கடையில உக்காந்து வளந்தவன், உங்ககிட்ட பொய் சொல்வேனா?" என்றார். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். அரை மணி நேரத்தில் வீடியோவும் அனுப்பினார். காலெட்டின் உடம்பில் வெர்னியரை வைத்துக் காட்டுகிறார், 8.00 என்று நிற்கிறது. தொழில் தெரிந்த பிள்ளை என்று நம்பி 14,500 ரூபாயை அப்படியே அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்ததும் 12-ஆம் நம்பரை எடுத்துத் துடைத்து லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் விட்டேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, காடியும் சரியாக உட்கார்ந்தது. எவ்வளவு சந்தோஷம்! அப்புறம் பின்னால் இருந்து, காலெட்டை உள்ளே இழுத்து இறுக்கும் டிராபாரைத் திருகினால் மரை பிடிக்கவே இல்லை. வெளியே எடுத்து, கையிலேயே இரண்டையும் சேர்த்துத் திருகிப் பார்த்தேன். ஒரு சுற்றுகூட ஏறவில்லை, வாயிலேயே முட்டி நின்றது. மைக்ரோமீட்டரை எடுத்து மரையின் வெளிவிட்டத்தை அளந்தேன். 6.97 மி.மீ. என் பழைய காலெட்டில் 6.73.

அதாவது வந்திருப்பது அமெரிக்க டபிள்யூ-டபிள்யூ வகை, வால்தமில் பிறந்த வெப்ஸ்டர்-விட்கோம் லேத்தின் காலெட். அதன் மரை 0.275 அங்குலம் (ஏறக்குறைய 7 மி.மீ.), அங்குலத்துக்கு 40 புரி, அதாவது புரிக்குப் புரி 0.635 மி.மீ. லார்ச்சின் மரை 6.75 மி.மீ., புரிக்குப் புரி 0.625 மி.மீ. உடம்பு இரண்டுக்கும் 8 மி.மீ.தான், அதனால்தான் அந்த வீடியோவில் பொய்யே இல்லை! மரையை மட்டும் அவர் காட்டவில்லை. புரி இடைவெளியில் வித்தியாசம் 0.01 மி.மீ.தான், அதை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்தால்கூட இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

போன் செய்தேன். முதல் நாள், "கொஞ்சம் எண்ணெய் விட்டு அழுத்தித் திருகுங்கண்ணே" என்றார். அழுத்தியிருந்தால் அப்பாவின் டிராபார் மரை போயிருக்கும். மறுநாள், "நான் எட்டு எம்எம்னுதானே போட்டேன், லார்ச்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?" என்றார். லார்ச் என்று வாய்விட்டுக் கேட்டது நான்தானே! அதன்பின் போனை எடுப்பதே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். "விவரத்தில் உள்ளபடியே பொருள் வந்துள்ளது, பழைய பொருளுக்குத் திரும்பப் பெறும் வசதி கிடையாது" என்று ஒரே பதிலை மூன்று பேர் மூன்று பெயரில் அனுப்பினார்கள். 14,500 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

புது டிராபார் செய்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வீர்கள். விசாரித்தேன். அந்த அளவில் உள்மரை வெட்டும் டேப் எந்தப் பட்டறையிலும் இல்லை. காலெட்டில் மரையைத் திரும்ப வெட்டலாம் என்றால் அது கடினப்படுத்திய எஃகு, டை வெட்டாது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உடம்பின் அளவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். மரையின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் வைத்துப் படம் கேளுங்கள். உங்கள் லேத் பெயரை எழுத்தில் அனுப்பி, பொருந்தும் என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். என்னைப்போல் போனில் மட்டும் கேட்டு விடாதீர்கள். உங்களிடம் டபிள்யூ-டபிள்யூ லேத் இருந்து லார்ச் காலெட் வந்தால் இன்னும் மோசம், ஏறுவது போல ஏறி, இறுக்கும்போது வழுக்கிவிடும்.

யாரிடமாவது லார்ச் 8 மி.மீ. 12-ஆம் நம்பர் ஒன்றே ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு பெரியவரின் ஜனதாவை சனிக்கிழமை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.